வாடகைக்குக் கிடைக்கும் வேகம்

மியூனிக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிற பிரயாணி, வாடகைக் கார் நிறுவனங்களின் கவுண்டர்கள் வரிசையாக அமைந்திருக்கும் கூடத்துக்குள் நுழைந்து, இருபத்தொரு வயது நிரம்பியதற்கு அத்தாட்சியும், ஓராண்டேனும் கையில் இருந்த லைசென்ஸும், தம் பெயரில் ஒரு கிரெடிட் கார்டும் காட்டுவாரானால், சாதாரணமாகச் சில நிமிஷங்களிலேயே ஒரு சிறிய காரின் சாவியைப் பெற்றுக்கொண்டு வெளியே போய்விடலாம். ஆனால் அதே பிரயாணி, அதே கவுண்டரில் நின்று, போர்ஷே 911 ஒன்று வேண்டும் என்று கேட்பாரானால், சிப்பந்தியின் முகத்திலிருந்த புன்னகை மாறாவிட்டாலும் விசாரணையின் தோரணை மாறிவிடுகிறது: பிராயம் என்ன, லைசென்ஸ் முதன்முதலாக எந்த ஆண்டில் கிடைத்தது, இரண்டாவது கிரெடிட் கார்டு உண்டா, எந்தெந்த தேசங்களுக்குள் ஓட்டிச் செல்ல உத்தேசம், தம்மைத் தவிர வேறு யாராவது ஓட்டுவார்களா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கேட்ட வாடகையைக் கொடுக்கத் தயாராக நிற்கும் தம்மை இவ்விதம் குறுக்கு விசாரணை செய்வதா என்று மனம் நோகிறவர்கள் பலர். அந்த விசாரணை நியாயமானது என்பதும், அது இன்னும் ஒரு படி மேலே போயிருக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இதைப் பற்றி ஜெர்மனியை முன்வைத்துப் பேசுவதே பொருத்தம். போர்ஷேயும் மெர்ஸிடிஸும் ஸ்டுட்கார்ட்டிலும், பி.எம்.டபிள்யூ. மியூனிக்கிலும், ஆடி இங்கோல்ஸ்டாட்டிலும் பிறக்கின்றன. அவை பிறக்கிற அந்த தேசத்திலேதான், ஆட்டோபான் என்று பெயர் பெற்ற நெடுஞ்சாலைகளின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு நிரந்தரமான வேக வரம்பு என்பதே கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது அங்கே சிபாரிசு, கட்டளை ஆகாது. ஆகவே, வேகத்தில் ஆசை கொண்டவர்கள் உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். அந்த ஆசையில் தவறேதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மனித சாமர்த்தியம் உண்டாக்கிய மிக நேர்த்தியான யந்திரங்களில் ஒன்றை, அது எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தச் சாலையிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது, நல்ல வீணையை ஒரு முறை மீட்டிப் பார்க்க விரும்புவதைப் போன்ற யோக்கியமான விருப்பமே.

ஜெர்மானியச் சட்டம் இந்த விஷயத்தில் விசித்திரமான ஓர் இடைவெளியை விட்டு வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அந்த தேசத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதியை அனுசரித்து, படிப்படியான ஏணி ஒன்று உண்டு: பதினாறு வயதில் 11 கிலோவாட் வரையிலான வண்டி, பதினெட்டில் 35 கிலோவாட் வரையிலான வண்டி, அதில் இரண்டாண்டு பழகிய பிறகு இருபது வயதில், அல்லது நேரடியாக வருவதானால் இருபத்து நாலு வயதில், வரம்பில்லாத சக்தி கொண்ட வண்டி. காருக்கோ அவ்விதமான ஏணி எதுவும் கிடையாது. பதினெட்டு வயதில் கார் லைசென்ஸ் பெற்றவன், முதல் இரண்டாண்டு சோதனைக் காலத்தில் மதுவின் வாசனைகூட இல்லாமல் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டிருந்தாலும், அறுபது குதிரைத்திறன் காரையும் அறுநூறு குதிரைத்திறன் காரையும் ஒரே லைசென்ஸைக் கொண்டு ஓட்டலாம். சட்டம் கேட்கத் தவறிய இந்தக் கேள்வியைத்தான் வாடகை நிறுவனம் தன் ஒப்பந்தத்தின் மூலம் கேட்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும் என்றாலும், சக்தி மிகுந்த கார்களுக்கு இருபத்தைந்து வயதும் மூன்றாண்டு லைசென்ஸும், அதற்கும் மேற்பட்ட ஃபெராரி, லம்போர்கினி முதலிய ரகங்களுக்கு இருபத்தெட்டு அல்லது முப்பது வயதும் ஐந்தாண்டு லைசென்ஸும் கேட்பது பரவலான வழக்கம்.

நிறுவனம் இப்படிக் கண்டிப்பாக இருப்பதற்கு, விலையுயர்ந்த காரின் மீதுள்ள பற்று மட்டும் காரணமில்லை. ஒரு வாகனம் ஓடுவதனால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கு, ஓட்டியவன் யாராயிருந்தாலும், தன் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாகனத்தை வைத்திருப்பவனே ஈடு சொல்ல வேண்டும் என்பது ஜெர்மானியப் போக்குவரத்துச் சட்டத்தின் அடிப்படை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுப்பதும் அங்கே தண்டனைக்குரிய குற்றம். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண், நம் லைசென்ஸைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தேதிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்துகொள்கிறாள் என்றால், அவள் தன் நிறுவனத்தின் பொறுப்பை நிறைவேற்றுகிறாள். நம்மை அவமதிக்கும் எண்ணம் அவளுக்குக் கிஞ்சித்தும் கிடையாது.

வயதும் ஆண்டும் எதற்காக என்று கேட்பவர்கள், வேகத்தின் கணக்கை ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கிறது. 250 கிலோமீட்டரில் அதுவே ஏறக்குறைய 70 மீட்டர் ஆகிறது. ஆனால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் வேகத்தோடு சமமாக வளர்வதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. காய்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, 100 கிலோமீட்டரிலிருந்து 40 மீட்டரில் நின்றுவிடும் கார், 200-லிருந்து நிற்க 160 மீட்டரும், 250-லிருந்து நிற்க 250 மீட்டரும் எடுத்துக்கொள்ளும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள் கழிகிற ஒரு விநாடியின் 70 மீட்டரை இத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும். லாரிகளுக்கு ஆட்டோபானில் 80 கிலோமீட்டரே வரம்பு. அப்படிப் போகும் லாரி ஒன்று, தனக்கு முன்னால் மெதுவாகப் போகும் இன்னொரு லாரியைக் கடப்பதற்காக, முந்நூறு மீட்டர் தூரத்தில் இடது பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்குமானால், 250-ல் வருகிறவருக்குக் கிடைக்கும் அவகாசம் ஆறு விநாடிக்குச் சற்றே அதிகம். அந்த லாரிக்காரர் ஒதுங்கப் போகிறார் என்பதை, அவர் விளக்குப் போடுவதற்கு முன்பே, இரண்டு லாரிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைவதைக் கொண்டு ஊகித்துக் காலை எடுத்துவிடுகிற புத்தி, புத்தகத்தில் படித்து வருவதன்று. ஆண்டுக்கணக்கில் சாலையைப் பார்த்துப் பார்த்து வருவது. நிறுவனம் கேட்கும் ஐந்தாண்டு என்பது, அந்த ஊகத்துக்கு அவர்கள் கண்ட உத்தேசமான அளவுகோல்.

மேலும், ஆபத்து என்பது உச்ச வேகத்தில் மட்டும் இருப்பதாக நினைப்பது பிசகு. நம் ஊர்த் தெருக்களில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட் தொண்ணூறு குதிரைத்திறனுக்கு மேற்படாது. போர்ஷே 911 ஜிடி3-க்கோ 510 குதிரைத்திறன், அதுவும் மூன்றரை விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். மழையில் நனைந்த ஊர்ச்சாலையில், வளைவிலிருந்து வெளியே வருகையில், ஸ்விஃப்ட்டில் பழகிய கால் அதே பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், பின் சக்கரங்கள் பிடி நழுவி, காரின் வால் முன்னே வரப் பார்க்கும். ஐரோப்பாவில் 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு நிலைப்பாட்டுக் கருவி பல தவறுகளைத் திருத்திவிடுகிறது என்பது மெய்தான். ஆயினும் டயர் பிடித்தால்தான் அக்கருவிக்கும் வேலை. 2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தை இங்கே நினைவுகூர வேண்டும். போர்ஷே கரேரா ஜிடி என்ற அந்தக் காரில் அத்தகைய கருவி கிடையாது. டயர்கள் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பழையவை. மணிக்கு 45 மைல் வரம்புள்ள இடத்தில் 80 முதல் 93 மைல் வரையான வேகத்தில் அது போயிற்று என்று விசாரணை அதிகாரிகள் கண்டார்கள். ஓட்டியவரோ பந்தயத்தில் பழகிய கைதேர்ந்தவர். கைதேர்ந்தவரையே அந்த மாலைப்பொழுது விட்டுவைக்கவில்லை என்றால், லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆன பிள்ளையிடம் சாவியைக் கொடுக்க மறுப்பவரைக் கொடுமைக்காரர் என்று எப்படிச் சொல்வது?

இனி, இந்தியாவிலிருந்து போகிறவர் கையோடு கொண்டு போக வேண்டிய பத்திரங்களைப் பார்ப்போம். சாலைப் போக்குவரத்து குறித்து 1926, 1949, 1968 ஆகிய ஆண்டுகளில் தேசங்கள் மூன்று உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் என்பது அவற்றின் வழியாக வந்தது. இந்தியாவில் அதை வழங்கும் அதிகாரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரியது. பாஸ்போர்ட் நகலோடு 4ஏ படிவத்தில் விண்ணப்பித்தால் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சிறு புத்தகம் ஒன்று கிடைக்கும். அது நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பே அன்றித் தனியொரு லைசென்ஸ் ஆகாது. மூல லைசென்ஸை ஊரில் வைத்துவிட்டு இதை மாத்திரம் கொண்டு போகிறவர் வெறுங்கையோடு போகிறவருக்குச் சமம். 'சர்வதேச லைசென்ஸ்' என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் வர்ண அட்டைகளை எந்தப் போலீஸ்காரரும் மதிக்கமாட்டார். ஜப்பானுக்குப் போகிறவர் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பத்திரத்தையே காட்ட வேண்டும்; சீனாவிலோ எந்தப் பத்திரமும் செல்லாது.

பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தும், தமிழர்களுக்கென்றே பிரத்தியேகமாக வந்து வாய்க்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. அது நம் பெயர். லைசென்ஸில் ஓர் இனிஷியலும் பெயருமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். கிரெடிட் கார்டிலோ வங்கிக்காரர் இடம் போதாமல் பாதியில் வெட்டி அச்சிட்டிருப்பார். மூன்றும் ஒருவரே என்று நமக்குத் தெரிவது, தகப்பனார் பெயரை முன்னால் சுமக்கும் வழக்கத்தை அறியாத ஒரு பவேரியப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. சின்னக் காருக்கு இதைப் பெரிதுபடுத்தாத கவுண்டர், இரண்டு லட்சம் யூரோ பெறுமானமுள்ள காருக்குப் பெரிதுபடுத்தத்தான் செய்யும். புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்வது உத்தமம். அவ்வாறே தேதியும்: லைசென்ஸைப் புதுப்பித்தவர்களின் பழைய அட்டைகள் சிலவற்றில் புதுப்பித்த தேதியே எடுப்பாகத் தெரியும், இருபது ஆண்டு ஓட்டியவர் அதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஆறு மாத ஓட்டுநராகிவிடுவார். முதன்முதல் வழங்கிய தேதியும் தனியே அச்சிடப்பட்டுள்ள புதிய மாதிரி அட்டையை வாங்கிக்கொண்டால் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்கு மேல் பல ஆயிரம் யூரோவை ஜாமீனாகக் கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டைச் சாதாரணமாக ஏற்பதில்லை. உயர்ந்த ரகங்களுக்கு இரண்டு கார்டுகள் கேட்பதும், கார்டு ஓட்டுகிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம் உண்டு.

நான் மிகுந்த கவலையோடு எழுத வேண்டிய பகுதி இதுதான். ஜெர்மனியில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து பெரியவர்கள் போகிறார்கள். அப்போது நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் இப்படி இருக்கிறது.

"சித்தப்பா, எனக்கு இருபத்திரண்டுதான் ஆகுது, என் பேருக்குத் தரமாட்டான். நீங்க கையெழுத்துப் போட்டு எடுத்துடுங்க. ஊரைத் தாண்டினதும் நான் ஓட்டிக்கறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா என்னடா பண்றது?"

"ஒண்ணும் ஆகாது சித்தப்பா. இங்க ரோடு நம்ம ஊர் மாதிரி இல்ல."

பிள்ளை கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பெரியவரும் அன்பின் காரணமாகவே சம்மதிக்கிறார். ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்படாத ஒருவர் ஓட்டிய க்ஷணத்திலேயே, காருக்கு உண்டான இன்சூரன்ஸ் பாதுகாப்பு விலகிவிடுகிறது. மோதலில் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் ஈடு கொடுத்தாலும், நொறுங்கிய காரின் முழு விலையும் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவின் தலையில் வந்து விழும். இதைவிட விபரீதமான இன்னொரு சங்கதி, அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருப்பதில்லை. ஜெர்மனியில் வாசஸ்தலம் ஏற்படுத்திக்கொண்ட ஒருவரின் இந்திய லைசென்ஸ் அங்கே ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டும் பரீட்சையிலும் தேறி ஜெர்மானிய லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, பர்ஸில் இந்திய லைசென்ஸ் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சக்கரத்தைப் பிடித்தால், சட்டத்தின் கண்ணில் அவன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவன். அபராதம் முதல் ஓராண்டுச் சிறை வரை அதற்குத் தண்டனை உண்டு. விருந்தாளியாக வந்த சித்தப்பாவின் லைசென்ஸ் செல்லும். அங்கேயே வாழ்கிற பிள்ளையின் லைசென்ஸ் செல்லாது. குடும்பத்தில் பெரியவர்களாக இருப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டுமாவது 'முடியாது' என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் நஷ்டமில்லை.

எல்லா நிபந்தனைகளும் பூர்த்தியாகி, பெயரும் எழுதப்பட்டு, இன்சூரன்ஸும் இருக்கிறது என்றாலும், அந்தப் பாதுகாப்பின் எல்லையை அறிந்துகொள்வது அவசியம். சேதம் ஏற்பட்டால் குறிப்பிட்ட தொகை வரை வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும். சக்தி மிகுந்த கார்களுக்கு அந்தத் தொகை பெரிது. டயர், காரின் அடிப்பாகம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன; தாழ்ந்த உடல் கொண்ட இந்தக் கார்களில் முதலில் அடிபடுவதும் அவைதாம். மிகையான அஜாக்கிரதை என்று தீர்மானமானால் இன்சூரன்ஸ் குறைந்துபோகும். வரம்பில்லாத சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் குற்றமில்லை என்று எண்ணுகிறவர்கள், ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டு மார்ச் மாதம் வழங்கிய தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும்: சிபாரிசு வேகமான 130-ஐத் தாண்டிப் போனவர், விபத்துக்குத் தாம் காரணமாக இராவிட்டாலும், 130-க்குள் போயிருந்தாலும் அது நேர்ந்திருக்கும் என்று நிரூபித்தாலன்றி, நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்க நேரும் என்பது அதன் சாரம். 2017ஆம் ஆண்டு அக்டோபர் முதல், தெருப்பந்தயம் அங்கே குற்றவியல் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. எதிராளி யாரும் இல்லாமல் ஒருவர் தனியாகவே கூடுமான உச்ச வேகத்தைத் தொடும் பொருட்டு விதிமீறி மூர்க்கமாக ஓட்டினாலும் அதே குற்றம்தான். வாகனத்தையும் பறிமுதல் செய்ய இடமுண்டு.

நூர்பர்க்ரிங் என்ற பந்தயப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஃபல் மலைக்காட்டின் நடுவே 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் வடக்கு வளையம், 20.8 கிலோமீட்டர் நீளமுள்ளது. பந்தய ஓட்டுநர் நிக்கி லாவ்டா 1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி அங்கே தீயில் சிக்கி உயிர் தப்பிய பிறகு, ஃபார்முலா 1 பந்தயம் அந்த வளையத்துக்குத் திரும்பவேயில்லை. ஆயினும் குறிப்பிட்ட தினங்களில், கட்டணம் செலுத்தி, சாதாரண லைசென்ஸும் சாலைக்குரிய காரும் கொண்ட யாரும் அதில் ஒரு சுற்று ஓட்டலாம். இந்தத் தாராளம்தான் கண்ணி. வாடகை ஒப்பந்தங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த இடத்தின் பெயரையோ, பந்தயப் பாதைகள் என்ற பொதுச் சொல்லையோ போட்டுத் தடை விதித்திருப்பார்கள். தடையை மீறி உள்ளே போய் மோதியவர், காரின் விலையோடு, நசுங்கிய இரும்புத் தடுப்புக்கும், இழுவை வண்டிக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியவராகிறார். அந்த வளையத்தில் ஓட்டியே தீர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு, பக்கத்துக் கிராமங்களிலேயே, அதற்கென்று தயாரித்த கார்களை, ஓட்டுவதற்கு முன் பாடம் சொல்லிக் கொடுத்து வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. யோக்கியமான வழி அதுவே.

எல்லையைத் தாண்டும்போது விதிகளும் மாறும். விலையுயர்ந்த ஜெர்மானியக் கார்களைக் கிழக்கு ஐரோப்பிய தேசங்களுக்கும், சில சமயம் இத்தாலிக்கும், கொண்டு போகப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. திருட்டுப் பயமே முக்கியக் காரணம். சுவிட்சர்லாந்தில் 50 கிலோமீட்டர் வரம்புள்ள ஊருக்குள் 100-ஐத் தொட்டவர் செய்தது அபராதம் கட்டித் தீரும் தவறன்று; சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். நம்மவர்கள் மிகுதியாகப் போகும் துபாயில், சுற்றுலா விசாவில் வரும் இந்தியர் சர்வதேச அனுமதிப் பத்திரத்தைக் காட்டி, பெரிய கார்களுக்கு இருபத்தைந்து வயது நிரம்பியிருந்தால், வாடகைக்கு எடுக்கலாம். அங்கேயே குடியிருப்பு விசாவில் வேலை செய்பவருக்கோ அந்தப் பத்திரம் உதவாது, அமீரகத்து லைசென்ஸே வேண்டும். வரம்புக்கு மேல் 80 கிலோமீட்டர் தாண்டினால் 3000 திர்ஹாம் அபராதமும், வாகனத்தை 60 நாள் முடக்கி வைப்பதும் அங்கே விதி. முடங்கிய நாட்களுக்கும் தினவாடகையை எடுத்தவரிடமே வசூலிக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கும் என்பதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

காரின் சக்தியைக் கேளாமல் லைசென்ஸ் கொடுக்கும் இடைவெளியைச் சில தேசங்களில் சட்டங்கள் தாமே அடைக்கத் தொடங்கியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இத்தாலியில் புதிதாக லைசென்ஸ் பெற்றவர் முதல் மூன்றாண்டுகளுக்கு 105 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காரை ஓட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் 2019ஆம் ஆண்டு, லம்போர்கினி ஒன்று கட்டுப்பாடு இழந்து பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைக் குடித்த பிறகு, அவளுடைய பெற்றோர் ஓயாமல் மன்றாடியதன் பயனாக, தென் ஆஸ்திரேலிய மாநிலம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து அதிசக்தி வாகனங்களுக்கென்று தனி வகை லைசென்ஸை ஏற்படுத்தியது. டன் ஒன்றுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட கார்களை ஓட்ட விரும்புகிறவர், எவ்வளவு ஆண்டு அனுபவசாலியானாலும், அதற்கென்று அமைந்த பாடத்தைப் படித்து முடித்தாக வேண்டும். வயதைப் பார்க்காமல், யந்திரத்தின் சக்தியையும் அதைப் பற்றிய அறிவையும் பார்க்கும் இந்த முறையே சரியான முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், வாடகை நிறுவனத்தின் வயதுக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சென்னையில் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கீறல் விழாமல் சிறிய காரை ஓட்டிய ஐம்பது வயதுக்காரர், அவர்கள் கேட்கும் யோக்கியதாம்சம் ஒவ்வொன்றையும் பூர்த்தி செய்துவிடுகிறார். ஆனால் அவர் வாழ்நாளில் சாலையின் வலப் பக்கத்தில் ஓட்டியதில்லை, 120-க்கு மேல் போனதில்லை, பின்னால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தெரிகிற விளக்கு ஆறேழு மூச்சுக்குள் தம் முதுகில் வந்து நிற்கும் என்பதைக் கண்ணாடியில் கண்டதில்லை. வலப் பக்கத்தால் முந்துவது ஆட்டோபானில் குற்றம் என்பதும், நம் ஊரில் அது நித்திய கர்மம் என்பதும் சேர்ந்து என்ன விளைவை உண்டாக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, முப்பது வயதுக்குள்ளான, பயிற்சி பெற்ற ஒருவருக்கு மறுப்பது முழு நியாயமாகாது. சாவியோடு ஒரு மணி நேரப் பழக்க ஓட்டத்தையும், பக்கத்தில் அமர்ந்து வழி சொல்ல ஒரு பயிற்றுநரையும், வாடகையின் ஒரு பகுதியாகவே நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும். நூர்பர்க்ரிங்கின் பக்கத்துக் கடைகள் செய்கிற இதை விமான நிலையத்துக் கவுண்டர்கள் செய்ய முடியாதென்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

அதுவரை அந்த ஐம்பது வயதுக்காரர் தமக்குத் தாமே சிலவற்றை ஏற்பாடு செய்துகொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் காரைப் பெற்றுக்கொள்வது. முன் உதட்டையும் நான்கு சக்கர வளையங்களையும் குனிந்து பார்த்து, கீறல்களைப் படமெடுத்து ஒப்பந்தத்தில் எழுதச் செய்வது. நிலைப்பாட்டுக் கருவியை அணைக்கும் பொத்தான் எது என்று தெரிந்துகொண்டு அதைத் தொடாமலிருப்பது. முதல் ஐம்பது கிலோமீட்டரை வேக வரம்புள்ள ஊர்ச்சாலையிலேயே, பிரேக்கின் சுபாவத்தை அறிந்துகொள்வதற்காகச் செலவிடுவது. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண்களின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும், 2317 என்றிருந்தால் அந்த டயர் 2017ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்தது. அப்படி ஓர் எண்ணைக் கண்டால், வாடகை கட்டியாகிவிட்டதே என்று தயங்காமல், வேறு கார் கேட்க வேண்டும்.